அப்பா பேசிய பள்ளத்தாக்கு

சாயங்காலம் அலுவலகம் முடிந்து சாத்தம் படகுத்துறை ஜெட்டியில் ஃபெர்ரி ஏறுவேன். அக்கரையில் வீடு இருக்கிற பாம்பூஃப்ளாட் போய்ச் சேருவதற்குள் கனடாவிலிருந்து தங்கையின் வீடியோ அழைப்பு வந்துவிடும். இங்கே இருட்டத் தொடங்கியிருக்கும், அங்கே அப்போதுதான் காலை. திரையில் முதலில் ஒரு சிவப்புத் தொப்பி தெரியும். அதற்குக் கீழே அப்பாவின் முகம், பின்னால் செங்குத்தான பாறை, எங்கோ அடியில் ஆறு இரைகிற சத்தம்.

“ஏட்டி, இங்க பாரு. நேத்து சிவப்பா கெடந்துச்சில்லா, இன்னிக்கு நீலம் ஓடிட்டு” என்று ஒரு கொப்பை இழுத்துப் பிடித்துக் காட்டுவார்.

அவர் காட்டியது சர்வீஸ்பெரி. அந்தப் பள்ளத்தாக்கு நெடுகக் காட்டில் தானாக வளர்கிற பழம். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பழுத்தால் நாவல் நிறம். அடியில் கொய்யாவுக்கு இருப்பது மாதிரி ஒரு சின்னக் கிரீடம். அப்பா மே மாதம் போய் இறங்கியபோது அவை வெள்ளைப் பூவாக இருந்தனவாம். பூ உதிர்ந்தது, பிஞ்சு பிடித்தது, சிவந்தது, கறுத்தது. எல்லாவற்றையும் நான் ஃபெர்ரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையகலத் திரையில் பார்த்தேன்.

எனக்கு முதலில் பொறாமை வந்தது அந்தச் செடியின் மேல். தங்கையின் மேல் வந்தது அதற்கப்புறம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இளம் வயதில் இந்தத் தீவுக்கு வந்தவர். தீவுகளுக்கு இடையே ஓடுகிற கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. கார் நிக்கோபார், அதற்கும் தெற்கே என்று போனால் திரும்பி வர நாளாகும். வந்தாலும் பேச மாட்டார். காதுக்குள் இன்னும் இன்ஜின் ஓடுகிறது, அதனால்தான் பேசவில்லை என்று அம்மா எங்களிடம் சொல்வாள். நாங்கள் அதை நம்பி வளர்ந்தோம். அவர் ஓய்வு பெற்றார். அம்மா இறந்தாள். அப்பா என் வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் பத்து வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சாப்பிட வாங்கப்பா என்றால், ம். மாத்திரை போட்டாச்சா என்றால், ம். குழம்பில் உப்பு குறைந்தாலும் ம், கூடினாலும் ம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசைக்கு வருவார், திரும்புவார். கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் வண்டியை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் என் கணவரும் மணலில் ஒரு சுற்று நடந்துவிட்டு, குற்றவாளிகள் மாதிரி வந்து வண்டியில் ஏறுவோம்.

அந்த மனிதர்தான் கனடாவில் வாய் ஓயாமல் பேசினார்.

தங்கை அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளத்தாக்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கப்பா என்று டிக்கெட் அனுப்பினாள். போவார் என்று நான் நினைக்கவில்லை. போனவர், அங்கே சர்வீஸ்பெரி ஒரே வகை இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் நிற்பது உயரமான மரம், அதன் தளிர் செம்பு நிறம். பாறைப் பிளவுக்குள் வேர்விட்டு முழங்கால் உயரத்துக்குக் கூட்டமாகப் படர்வது ஒரு புதர். ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதன் இளம் இலையைத் தடவினால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்குமாம். இந்த வகைகள் ஒன்றோடொன்று கலந்து புதிது புதிதாக முளைப்பதால், எது எந்த வகை என்று அந்த ஊர்க்காரர்களே தடுமாறுவார்களாம்.

“எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைங்கதான். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல பாத்துக்க” என்றார் ஒரு நாள். “பாறையில நிக்கிறது வாயில போட்டா மாவு மாதிரி. மேல நிக்கிற மரத்துதான் இனிப்பு. வெதையைக் கடிச்சா பாதாம் வாசம் வருது. குருவிக்கு எப்படித்தான் தெரியுமோ, நல்லதாப் பாத்து நமக்கு முந்தித் தின்னுட்டுப் போயிருது.”

திரைக்கு வெளியே தங்கையின் சிரிப்பு கேட்டது. “எக்கா, காலையில நான் எந்திரிக்க முந்தி அப்பா ஷூ போட்டு வாசல்ல நிக்காங்க!”

“ஓ, அச்சா” என்றேன்.

என் வீட்டு வாசலில் அவர் ஒரு நாளும் ஷூ போட்டுக்கொண்டு நின்றதில்லை. ஃபெர்ரியில் என் பக்கத்தில் நின்ற வங்காளிப் பெண் திரையை எட்டிப் பார்த்து, “பாபா எவ்வளவு குஷியா இருக்காரு!” என்று இந்தியில் சொன்னாள். எனக்கு அவளையும் பிடிக்காமல் போனது. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது யோசிப்பேன். தங்கை என்ன செய்துவிட்டாள்? டிக்கெட் அனுப்பினாள், ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாள். மூட்டுக்குத் தைலம் தேய்த்தது நான். கண் ஆபரேஷனுக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டு கூட்டிப் போய் மருத்துவமனைத் தரையில் படுத்தது நான். தின்கிற பழம் அவளுக்கு, தேய்க்கிற தைலம் எனக்கா?

என் கணவரிடம் சொன்னேன். அவர் மின்துறையில் லைன்மேன், எதையும் கம்பத்தின் மேலிருந்து பார்க்கிறவர். “கிழவர் சந்தோஷமா இருக்காரு. அதுல உனக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

நஷ்டம் என்ன என்று அந்த வாரமே தெரிந்தது. ஜூலைக் கடைசியில் அப்பா திரும்ப வேண்டும். ஒரு சாயங்காலம் அவரே ஆரம்பித்தார்.

“ஏட்டி, பழம் முடியப் போவுது. ஆனா இந்த எலை இருக்கில்லா, அக்டோபர்ல அப்படியே தீப்பிடிச்ச மாதிரி ஆயிருமாம். அதப் பாத்துட்டு வாரேனே.”

“டாக்டர்கிட்ட காட்டணுமேப்பா.”

“இங்க இல்லாத டாக்டரா? உன் வீடு எங்க போயிரப் போவுது?”

உன் வீடு. நம்ம வீடு என்று வாய் தவறிக்கூட வரவில்லை. ஃபெர்ரி ஜெட்டியில் முட்டி நின்றது. சரிப்பா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கணவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன். இந்தத் தீவில் பழமே இல்லையா? கட்டாஃபல் இருக்கிறது. கட்டா என்றால் இந்தியில் புளிப்பு. காட்டில் தானாக நிற்கிற மரம், மழைக்காலத்தில் பழுக்கும், ஜெட்டிக்கு வெளியே பெண்கள் குவித்து விற்பார்கள். ஷோல் பே போகிற வழியில் மலையடியில் ஒரு நாலாவின் கரையில் அந்த மரங்கள் வரிசையாக நிற்பதைக் கம்பி இழுக்கப் போனபோது பார்த்ததாக அவர் எப்போதோ சொல்லியிருந்தார். காட்டோடையை இங்கே எல்லா மொழிக்காரர்களும் நாலா என்றுதான் சொல்வோம்.

“இந்த மழையில அங்கயா? பாகலா நீ, பைத்தியமா? அட்டை உறிஞ்சிரும்” என்றார். ஆனாலும் வண்டியை எடுத்தார்.

சாலையை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் மண்சரிவு, நடுவில் கலங்கிய தண்ணீர். கனடாப் பள்ளத்தாக்கின் கால் பங்கு ஆழம்கூட இருக்காது. ஆனாலும் பாறை இருந்தது, ஓடுகிற தண்ணீர் இருந்தது, இரைச்சல் இருந்தது. வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். ஒரு திருப்பம் தாண்டியதும் மரங்கள். கட்டாஃபல் கொப்பு நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகச் சரம் விட்டுத் தொங்கும். மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்து, மழையில் நனைந்து, அந்த இருட்டுக் காட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“பிடிங்க, வீடியோ எடுங்க” என்று கைபேசியை அவரிடம் கொடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா மாதிரியே ஒரு சரத்தை இழுத்துப் பிடித்தேன். “அப்பா, பாருங்க. உங்க பழம் சுண்டைக்காய் அளவு. நம்ம பழத்தைப் பாத்தீங்களா? ஒரு மரத்துல எத்தனை சரம் பாருங்க.” தோலை நசுக்கி உள்ளே இருந்த சுளைகளை வாயில் போட்டேன். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. “இனிப்பு!” என்று சொன்னேன்.

கணவர் எடுத்து முடித்துவிட்டுக் கேட்டார். “இத உங்கப்பாவுக்கா அனுப்பற, உன் தங்கச்சிக்கா?”

காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்புப் போட்டேன். சாலைக்கு ஏறி சிக்னல் வந்ததும் வீடியோவை அனுப்பினேன்.

சாயங்காலம் தங்கைதான் அழைத்தாள். அவர்களுக்கு ஞாயிறு காலை. திரையில் பள்ளத்தாக்கு இல்லை, சமையலறை. “எக்கா, என்ன அனுப்பின? அப்பா நாலஞ்சு தடவை பாத்துட்டாங்க. நடக்கவும் போகல.” கைபேசியை அப்பாவிடம் கொடுத்தாள்.

அப்பா தொப்பி இல்லாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அந்த நாலாவுக்கு உன்ன யாரு கூட்டிட்டுப் போனா?”

“உங்க மருமகன்தான். ஏன்ப்பா?”

“மரத்துக்குக் கீழ தட்டையா ஒரு பாறை, எருமை முதுகு மாதிரி. இருக்கா?”

இருந்தது. அதன் மேல்தான் நான் நின்றிருந்தேன்.

“உங்கம்மா அதுலதான் உக்காருவா” என்றார். பிறகு பேசினார். கனடாவில் பேசிய வேகம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “கல்யாணமாகி அவ இங்க வந்த புதுசு. நீ வயித்துல. சோறு எறங்கல, மீன் வாசம் ஆகல. புளிப்பா என்னமாவது கொண்டா கொண்டான்னு நிப்பா. கூட வேலை பாத்த ராஞ்சிக்காரன்தான் சொன்னான், அந்த நாலாவுல கட்டாஃபல் கெடக்குன்னு. கப்பல் கரை சேந்த அன்னிக்கு நான் வீட்டுக்கே போக மாட்டேன், நேரா அங்கதான். ரெண்டு மூணு தடவைக்கப்புறம், நானும் வாரேன்னு அவளும் கெளம்பிட்டா. வயித்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பாறையில உக்காந்து தின்பா. வெதையைத் துப்பி என் மேல அடிப்பா. நான் கோவப்பட்டா இன்னும் அடிப்பா.”

அம்மா விதையைத் துப்பி அடிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. தலைவலித் தைலமும் ஜெபமாலையுமாக இருந்த அம்மாவைத்தான் எனக்குத் தெரியும்.

“நீ ரொம்பப் புளிப்பு தின்னு பொறந்தவ” என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். கண்ணைத் துடைத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அவளுடைய பள்ளத்தாக்கில் எத்தனை வகைப் பழம் வேண்டுமானாலும் இருக்கட்டும். என் நாலாவில் அம்மா இருக்கிறாள். நானும் இருக்கிறேன், பிறப்பதற்கு முன்னாலிருந்தே. அப்பாவுக்குப் பின்னால் தங்கை காப்பிக் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாள் என்பதுதான் அதில் ருசி.

“நான் வயித்துல இருக்கும்போது அம்மா என்னப்பா கேட்டாங்க?” என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

“நான் அப்ப நிக்கோபார் லைன்ல ஓடிட்டிருந்தேன் மக்கா. தெரியலையே.”

“சரிப்பா” என்றாள். “எக்கா, வேலைக்கு நேரமாச்சு. வைக்கட்டா?” ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது.

அதன் பிறகு ஃபெர்ரியில் கைபேசி அடிக்கவில்லை. முதல் சில நாள் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. கட்டாஃபல் கதையை அலுவலகத்தில் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன். சொல்லச் சொல்லப் பாறை பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் அந்த ‘சரிப்பா’ என்னை விடவில்லை. சின்ன வயதில் பங்கு பிரிக்கும்போது கடைசியில் தட்டு காலியாக அவளிடம் வந்தால், அழ மாட்டாள். சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவாள். அதே குரல்.

ஒரு நாள் அலுவலகம் விட்டதும் ஜெட்டிக்குப் போகாமல் லம்பா லைன் போகிற பஸ்ஸில் ஏறினேன். தங்கை பிறந்தபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். அப்போது அடுத்த வீட்டில் இருந்த தெலுங்கு ஆன்ட்டி இன்னும் அதே தெருவில் இருக்கிறார். டீ கொடுத்தார். முழங்கால் வலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் சொன்னார். இடையில் புகுந்து கேட்டேன்.

“உன் அம்மாவா? சின்னவ வயித்துல இருக்கும்போதா?” ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அரே, சுன்னா! சுவத்துச் சுண்ணாம்பு! கட்டில்ல படுத்தாப்புலயே நகத்தால சுரண்டிச் சுரண்டித் தின்னும். நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன். கேக்காது. செங்கல் தெரியற வரைக்கும் தின்னுடுச்சு.”

அந்தச் சுவர் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் சாமி படங்களெல்லாம் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும். மாதா படம் ஒன்று மட்டும் கட்டில் மட்டத்தில் தொங்கும். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஏன் இந்த மாதா மட்டும் இவ்வளவு கீழே இருக்கிறாள் என்று நான் கேட்டிருக்கிறேன். உனக்குக் கிட்ட இருக்கட்டும்னுதான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சொல்வதா வேண்டாமா என்று குழம்பினேன். எனக்குப் பழம், அவளுக்குச் சுண்ணாம்பு. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் குத்திக்காட்டுகிறேன் என்று நினைப்பாள். சொல்லாவிட்டால் அவளுக்கென்று இருக்கிற ஒன்றே ஒன்றையும் நான் வைத்துக்கொண்ட மாதிரி ஆகும். வீட்டுக்கு வந்து நானே அழைத்தேன்.

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது.

“நீ பழம் தின்னு பொறந்த, நான் செவுத்தத் தின்னு பொறந்தேனா?”

“அதுவும் மாதாவுக்குப் பின்னாடி” என்றேன். அவளுக்கு மூச்சு முட்டும் வரை சிரிப்பு. எனக்கும்தான்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் குரல் மாறியது. “எக்கா, ஒண்ணு சொல்லட்டா? அப்பா இங்க எங்கிட்ட பேசறாங்கன்னுதான நீ நெனைக்கிற?”

“பின்ன? தினமும் பாக்கறேனே.”

“நீ பாக்கறது ஃபோன்ல. உனக்குக் காட்டத்தான் அவ்வளவு பேச்சும். நான் ஃபோனப் பிடிச்சிட்டு நிக்கிறவ, அவ்வளவுதான். ‘பெரியவ ஃபெர்ரி ஏறிருப்பா, போடு போடு’ன்னு அவசரப்படுத்துவாங்க. கட் பண்ணதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை கெடையாது. நான் கேட்டா, ம். சாப்பிடுங்கப்பான்னா, ம். எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா? பக்கத்துல நிக்கிறேன், எங்கிட்ட இல்ல. எங்கயோ தண்ணி மேல போற உங்கிட்ட கதை கதையாப் பேச்சு. உம்மேல வந்த எரிச்சல்ல அந்த வாரம் நான் ஃபோனே போடல.”

மே தொடங்கி ஜூலை வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே அழைப்பின் இரண்டு முனையில் நின்று ஒருவரையொருவர் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அக்டோபர் வரை அப்பா அங்கே இருந்தார். இலை சிவந்ததைத் தினமும் காட்டினார். உயர மரம் ஆரஞ்சு, பாறைப் புதர் ரத்தச் சிவப்பு, ஆற்றோரத்தது மஞ்சள். எனக்குத்தான் காட்டுகிறார் என்று தெரிந்த பிறகு நன்றாகப் பார்த்தேன், கேள்வி கேட்டேன். அங்கே தங்கையின் கை கொஞ்சம் ஆடினாலும் திரையில் தெரிந்தது.

அப்பா திரும்பி வந்தார். இனிமேல் என்னோடும் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் வண்டியில் மூன்று வார்த்தை பேசியிருப்பார். மறுநாளும் அப்படித்தான்.

பிறகு ஒரு நாள் விடிகாலை. நான் சமையலறையில் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் யாரோ பேசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், ஈரத் தரையில் செருப்போடு நின்று அப்பா கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மறுமுனையில் தங்கை. அவளுக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேளை.

“ஏட்டி சின்னவளே, இது ஈரப்பலா. நீ போகும்போது இடுப்பளவு இருந்துச்சு, இப்ப கூரையத் தாண்டிட்டு பாத்துக்க. மழை விட்டு ரெண்டு நாளாச்சு. ராத்திரி மரநாய் வந்து பப்பாளியக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டு. இந்தா பாரு.” கைபேசியை மரத்துக்கு மரம் கொண்டு போனார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “உங்கக்காவுக்கு முட்டி வலி இருக்கும் போல. ஜெட்டிப் படியில எடது கால முந்தி வெச்சுதான் எறங்குதா. யார்கிட்டயும் சொல்ல மாட்டா. நீ ஒரு வார்த்தை கேளு.”

அந்த வலியைப் பற்றி நான் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அப்பா எப்போது ஜெட்டிக்கு வந்து, எங்கே நின்று பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அதை என்னிடமே கேட்டிருக்கலாம். நாலு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தேன். அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு மறுபடி கதவோரம் வந்து நின்றேன். அவர் இன்னும் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.